நாலு பர்சென்ட்

உங்கள் கேமரா லென்ஸை டியூப்லைட் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். ஊதாவோ பச்சையோ ஒரு சாயம் மினுக்கும். அழுக்கு என்று வேட்டி நுனியால் தேய்த்துவிடாதீர்கள். வேலை செய்வதே அதுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் 'ஏ.ஆர். கோட்டிங் போட்டுடலாமா சார்?' என்று கூடுதல் காசு கேட்பார்களே, அதே சமாசாரம்.

வெறும் கண்ணாடி, தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். நாலு பர்சென்ட்தானே என்கிறீர்களா? என்னைப் போன்ற பி.காம்.காரனைக் கேளுங்கள். தேய்மானக் கணக்கில் 'ரிட்டன் டவுன் வேல்யூ' என்று ஒரு முறை உண்டு. மிச்சமிருக்கும் மதிப்பில்தான் வருஷா வருஷம் கழிக்க வேண்டும். இங்கே வருஷத்துக்குப் பதில் பரப்பு. ஒரு கண்ணாடிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஜூம் லென்ஸில் சர்வசாதாரணமாக இருபது பரப்பு தேறும். இருபது தடவை கழித்தால் மிஞ்சுவது 44 சதவிகிதம். போன ஒளியாவது ஒழுங்காகப் போகுமா? உள்ளேயே முட்டி மோதி, படத்தின் மேல் மோர் தெளித்தாற்போல் வெளுப்பாகப் படியும்.

1896-ல் ஜெர்மனியின் கார்ல் ஸெய்ஸ் கம்பெனியில் பால் ருடால்ஃப் என்பவர் 'ப்ளானார்' லென்ஸை வடிவமைத்தார். அருமையான டிசைன். ஆனால் காற்றைத் தொடும் பரப்பு எட்டு. வெளுப்பில் அடிபட்டுப்போனது. 1902-ல் ஆறே பரப்புள்ள 'டெஸ்ஸார்' வந்து மார்க்கெட்டைப் பிடித்துக்கொண்டது. அதற்கும் ருடால்ஃப்தான் காரணம் என்பது வேறு விஷயம்.

அதே 1890-களில் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்ற லென்ஸ் நிபுணர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். பழசாகிக் கறை பிடித்த லென்ஸ், பளபளவென்ற புது லென்ஸைவிட அதிக ஒளியை உள்ளே விடுகிறது! வேண்டுமென்றே கறை பிடிக்க வைக்கும் முறைக்கு 1904-ல் பேடன்ட்டே வாங்கினார். கறைதான் ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒவ்வொரு மாதிரி பிடித்தது.

சீராகப் பூசும் வழியை 1935-ல் ஸெய்ஸின் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா பிடித்தார். வெற்றிடத்தில் ரசாயனத்தை ஆவியாக்கி, கண்ணாடி மேல் படிய வைப்பது. படலத்தின் கனம் தலைமுடியில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இருக்காது. படலத்தின் மேலிருந்து ஓர் அலை திரும்புகிறது, அடியிலிருந்து இன்னொன்று. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் காலி. திரும்ப வேண்டிய ஒளி உள்ளே போய்விடுகிறது. பச்சைக்குக் கணக்குப் பார்த்துப் பூசினால், மிஞ்சும் சிவப்பும் நீலமும் ஊதாவாகத் தெரியும். ஒற்றைப் பூச்சில் இழப்பு ஒன்றரை சதவிகிதம் அளவுக்கு இறங்கும். இன்றைய பல அடுக்குப் பூச்சில் அரைக்கும் கீழே.

ஜெர்மானியர்கள் இதை ராணுவ ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்து கோட்டிங் பரவலானதும், ஓரமாகக் கிடந்த ப்ளானாருக்கு மறுவாழ்வு. இன்றைக்கும் பல 50 எம்.எம். லென்ஸ்களுக்கு அதுதான் பாட்டனார். ருடால்ஃப் இதையெல்லாம் பார்க்கவில்லை. ஸ்மகுலா பேடன்ட் எடுத்த அதே 1935-ல் காலமாகிவிட்டார்.