ஒரே விலை, ரெண்டு பூட்டு... திண்டுக்கல்லில் எதை வாங்கலாம்?

மதுரையிலிருந்து 60 கிலோமீட்டர் போல வந்தால், சமவெளிக்கு நடுவே திண்டு ஒன்றைத் தூக்கிப் போட்டதுபோல ஒரு மொட்டைப் பாறை தெரியும். திண்டு போன்ற கல் என்பதால்தான் ஊருக்குத் திண்டுக்கல் என்று பெயர் என்பார்கள். பாறையின் மேல் இருக்கும் கோட்டையை மதுரை நாயக்கர்கள் 1605-ல் கட்டத் தொடங்கினார்கள். பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தான் என்று கைமாறி, 1792-ல் ஆங்கிலேயரிடம் போனது. இன்றும் மேலே ஏறினால் பீரங்கியும், ஆயுதக் கிடங்குகளும் கண்ணில் படும்.

அன்றைக்கு ஊரைக் காக்கப் பீரங்கி. இன்றைக்கு வீட்டைக் காக்க இந்த ஊர் செய்து தருவது பூட்டு!

அடிவாரத்தில் அபிராமி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பிரியாணியையும் ஒரு கை பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் அடுத்துத் தேடுவது பூட்டுக் கடையைத்தான். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் ஒரு குழப்பம் வரும். நிலக்கோட்டைப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு தம்பதிக்கும் அதே குழப்பம்தான்.

'ரெண்டும் ஒரே விலைதான் சார்!'

கணவர் ஓய்வுபெற்றவர். திருப்பூரில் இருக்கும் மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஆறு மாதம் அங்கே போய்த் தங்கப் போகிறார்கள். நகைகள் பேங்க் லாக்கருக்குப் போய்விட்டன. ஆனாலும் முப்பது வருடச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. பித்தளைப் பாத்திரம், பீரோ, மாமனார் காலத்துப் பத்திரங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. தெருவில் பாதி வீடுகள் வேலைக்காக வெளியூர் போனவர்களுடையவை. கேட்டுக் கேள்வி இல்லாமல் கிடக்கும் வீட்டுக்கு ஒரு நல்ல பூட்டு வேண்டும்.

கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, உள்ளூர்ப் பட்டறையில் கையால் செய்த எட்டு லீவர் பூட்டு. கறுத்த இரும்பு, நல்ல கனம், விரல் நீளச் சாவி. இன்னொன்று, வடக்கே மிஷினில் செய்து வந்த பித்தளைப் பூட்டு. பளபளவென்று இருந்தது. சட்டைப் பையில் போட்டால் தெரியாத சின்னச் சாவி மூன்று.

"ரெண்டும் ஒரே விலைதான் சார். இருபது, முப்பது முன்னப்பின்ன இருக்கும்."

கணவரின் கை பளபளப்பான பூட்டுக்குத்தான் போனது. மனைவி கேட்டார்: "விலை ஒண்ணுதான்னா வித்தியாசம் எங்கண்ணே இருக்கு?"

"உள்ளதாம்மா இருக்கு" என்று சிரித்த கடைக்காரர், வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகவே திறந்து வைத்திருந்த ஒரு பழைய பூட்டை எடுத்தார்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

லீவர் பூட்டின் வயிற்றுக்குள் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகடுக்கும் ஒரு ஸ்பிரிங். சாவியில் இருக்கும் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்கென்று உள்ள உயரத்துக்குத் தூக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எட்டுத் தகட்டிலும் உள்ள பள்ளங்கள் ஒரே கோட்டுக்கு வந்தால்தான் உள்ளே இருக்கும் தாழ் நகரும். தகடு கூடக் கூடக் கள்ளச்சாவி போடுபவனுக்கு வேலை கூடும்.

பித்தளைப் பூட்டு 'பின்' வகை. உருளைக்குள் சின்னச் சின்ன ஊசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. சரியான சாவி நுழைந்தால் எல்லா ஊசிகளும் பிரியும் இடம் ஒரே மட்டத்துக்கு வந்து உருளை சுற்றும். அமெரிக்கரான லைனஸ் யேல் 1860-களில் செம்மைப்படுத்திக் காப்புரிமை பெற்ற முறை இது. லீவர் முறை அதைவிட மூத்தது. இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் 1778-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

"அப்ப புதுசுதானே உசத்தி?" என்றார் கணவர்.

"முறை ரெண்டும் நல்ல முறைதான் சார். ஆனா இந்த விலைக்கு எவ்வளவு நேர்த்தியா செஞ்சிருக்காங்கங்கிறதுதான் கேள்வி."

விஷயம் அங்கேதான் இருக்கிறது. பின் பூட்டில் ஊசிக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி மயிரிழை அளவுக்கு இருக்க வேண்டும். விலை குறையும்போது அந்த நேர்த்திதான் முதலில் குறையும். ஊசிகள் தொளதொளவென்று இருந்தால் கம்பியை விட்டு ஆட்டியே திறந்துவிடலாம். மலிவான பூட்டுகளில் சாவி வகைகளும் குறைவு என்பதால், ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேர்ந்துவிடுவதும் உண்டு. கைவேலைப் பூட்டில் அந்தந்தப் பூட்டை வைத்துக்கொண்டே சாவியை அரத்தால் ராவுகிறார்கள்.

அதற்காகப் பின் பூட்டை ஒதுக்கிவிட முடியாது. பித்தளை உடம்பு துருப்பிடிக்காது. சாவி இல்லாமலேயே அழுத்திப் பூட்டலாம். சாவி தொலைந்தால் வேறொன்று வெட்டிக்கொள்ள எந்த ஊரிலும் ஆள் உண்டு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடும் வெளிகேட்டுக்கு அது வசதி. லீவர் பூட்டு கனம். பெரும்பாலானவற்றைப் பூட்டுவதற்கும் சாவி வேண்டும். அதிலும் ஒரு லாபம் இருக்கிறது, சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை!

51 மணி நேரம்

திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்று உண்டா? 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின்போது அதற்குப் பதில் கிடைத்தது. ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், யாராலும் முடியாது என்று பெயர் வாங்கியிருந்த சப் நிறுவனத்தின் லீவர் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிறகு பிராமா பூட்டைக் கையில் எடுத்தார். பல வருடங்களாகக் கடை ஜன்னலில் சவாலாக வைக்கப்பட்டிருந்த பூட்டு அது. அதையும் திறந்தார். ஆனால் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் ஆனது.

எந்தத் திருடனுக்கு 51 மணி நேரம் கிடைக்கும்? பூட்டு வாங்குகிறவர் வாங்குவது நேரத்தைத்தான். திருடன் வாசலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவனுக்கு ஆபத்து, வீட்டுக்காரருக்கு லாபம்.

பட்டறையில் ஒரு பூட்டு

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி போன்ற இடங்களில் வீட்டுத் திண்ணையே பட்டறை. தகடு வெட்டுவது, துளை போடுவது, ராவுவது, ரிவிட் அடிப்பது என்று ஒரு பூட்டு பல கைகளைத் தாண்டி வருகிறது. மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பெல் பூட்டு, அலமாரிப் பூட்டு, கோயில் கதவுக்கான ராட்சசப் பூட்டு என்று வகைகளும் நிறைய. உள்ளூர்ப் பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் விண்ணப்பித்து, 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே ஆண்டில்தான் கிடைத்தது.

பெருமை கூடியது. கைகள் கூடவில்லை. ஒரு பூட்டைக் கையால் முடிக்கும் நேரத்தில் மிஷின் எத்தனையோ பூட்டுகளைத் தள்ளிவிடும். பட்டறைக்காரரின் பிள்ளைகள் நூற்பாலைக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். போதாக்குறைக்கு, வெளியிலிருந்து வரும் பூட்டுகளையே திண்டுக்கல் பூட்டு என்று விற்பதும் நடக்கிறது. அதனால் பெயரைக் கேட்டு வாங்கினால் மட்டும் போதாது, பார்த்து வாங்கவும் தெரிய வேண்டும்.

எப்படிப் பார்த்து வாங்குவது?

கடைக்காரர் அந்தத் தம்பதிக்குச் சொல்லிக் கொடுத்ததை யாரும் கடையிலேயே செய்து பார்க்கலாம்.

பூட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே தொளதொளப்பு இருக்கிறது. பூட்டிய பிறகு வளைந்த கம்பியைப் பிடித்து இழுத்து, பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். அதிகம் ஆடக் கூடாது. கூட வரும் எல்லாச் சாவிகளையும் போட்டுப் பாருங்கள். ஒன்று சரளமாகவும் இன்னொன்று திக்கித் திணறியும் திறந்தால் வேண்டாம். எட்டு லீவர் என்று மேலே அடித்திருந்தால் மட்டும் நம்பிவிடாமல், எட்டும் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். சாவியில் உள்ள வெட்டுகளை எண்ணிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். பழுதானால் பிரித்துச் சரிசெய்து தருவார்களா என்றும் கேளுங்கள். நல்ல கைவேலைப் பூட்டை ரிவிட் கழற்றித் தகடு மாற்றலாம். மலிவான மிஷின் பூட்டு மக்கர் செய்தால் அநேகமாகக் குப்பைக்குத்தான் போகும்.

இன்னொன்று, பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பின் பூட்டுக்குப் பென்சில் கரித்தூள் போதும். லீவர் பூட்டுக்கு மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

"சரி, கனமானதையே கொடுங்க" என்றார் கணவர். கடைக்காரர் உடனே பில் போடவில்லை.

"சார், உங்க வீட்டு நாதாங்கி எப்படி?"

கணவர் மனைவியைப் பார்த்தார். "பழசுதான். ரெண்டு ஸ்க்ரூ ஆடும்" என்றார் அவர்.

"அப்ப முதல்ல அதை மாத்துங்கம்மா. எட்டு லீவர் போட்டு என்ன பிரயோசனம்? ஒரு கடப்பாறையை விட்டு நெம்புனா பூட்டு பூட்டினபடியே நாதாங்கியோட கையில வந்துரும். நிலைக்கட்டையைத் துளைச்சு போல்ட் போடச் சொல்லுங்க."

லீவர் பூட்டோடு ஒரு புது நாதாங்கியும் பைக்குள் போனது. பித்தளைப் பூட்டு மேஜைமேலேயே தங்கிவிட்டது. அவர்கள் தேடி வந்தது கேட்டுக்கான பூட்டாக இருந்திருந்தால், அதுதான் போயிருக்கும்.

படி இறங்கும்போது கடைக்காரர் கேட்டார்: "சாவியை எங்க வைக்கப் போறீங்க?"

"ஒண்ணு எங்க கையில. இன்னொண்ணு எப்பவும்போல நிலைக்கு மேல" என்று சொல்ல ஆரம்பித்த கணவரை மனைவி முடிக்க விடவில்லை.

"நல்லா இருக்கு! அதுக்கு எதுக்குங்க எட்டு லீவர்? இன்னொண்ணு மகன்கிட்ட இருக்கட்டும்."

பஸ் ஸ்டாண்டு நோக்கி நடந்தார்கள். பையின் கனத்துக்குக் கணவரின் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பின்னால், பாறைக்கோட்டை வெயிலில் சூடேறிக்கொண்டிருந்தது.