விளக்கான பூச்சாடி

பாரிஸ் மாநகரின் வட எல்லையில், நாலாம் இலக்க நிலத்தடிப் புகையிரதம் சென்றடையும் கடைசி நிலையத்தில் இறங்கிச் சற்றே நடந்தால் செந்துவான் என்னும் ஊரின் பழம்பொருட் சந்தையை அடையலாம். சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய நாட்களிலேதான் அது களைகட்டும். லாச்சப்பலில் வாழும் நம் பெறாமகன், உணவகத்தில் உழைத்துச் சேர்த்த பணத்திலே, புதுமனை புகும்போது மனைவிக்கு ஒரு பழைய பிரெஞ்சு விளக்கு வாங்கிக் கொடுக்க நெடுநாளாய் ஆசைப்பட்டிருந்தான். அவனுக்குத் துணையாக நாமும் சென்றோம்.

பிரோன் எனப்படும் கடைவரிசையில் அவன் கண் ஒரு விளக்கிலே நிலைத்துவிட்டது. நீலப் பீங்கான் உடல். அதன் நடுவே மலர்க்கொத்து. மேலும் கீழும் பொன்முலாம் பூசிய வெண்கல வேலைப்பாடு. கடைக்கார மூதாட்டி அடிமரையைக் கழற்றிக் காட்டினார். பீங்கானின் அடியில், 'எல்' என்னும் எழுத்திரண்டு பின்னிய செவ்ரு முத்திரை இருந்தது. பெறாமகன் முகம் மலர்ந்தது.

செவ்ரு என்றால் சாமானியமா? 1740இல் வான்சேன் கோட்டையில் தோன்றி, 1756இல் செவ்ருக்குப் பெயர்ந்து, 1759இல் பதினைந்தாம் லூயி மன்னனுக்கே உடைமையான தொழிற்சாலை அது. ஆதியில் அங்கே உண்மைப் பீங்கானுக்கு வேண்டிய வெண்களி கிடையாது. கத்தியாற் கீறினாற் கீறுபடும் மென்பீங்கானே செய்தனர். 1768 அளவில் லிமோஜ் நகருக்கு அண்மையிலே வெண்களி அகப்பட்டது. வைத்தியர் ஒருவரின் மனைவி அதனைத் துணி வெளுக்கும் மண்ணென்று கருதியதாகக் கதை சொல்வர். நம் நாட்டிலே பொரலஸ்கமுவையில் உள்ளதும் அவ்வினத்து மண்ணே.

மூதாட்டியோ சிரித்துக்கொண்டே, "முத்திரை பொய்" என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிற பட்டறைகள் பலவும் இம்முத்திரையைத் தாராளமாக இட்டனவாம். அதுமட்டுமன்று, இது விளக்காகப் பிறந்ததுமன்று. பூச்சாடியின் அடியைத் துளைத்து மின்கம்பி செலுத்தியிருந்தனர்.

சாடி ஏன் விளக்காயிற்று? 1800இல் கார்செல் என்பார், கடிகாரப் பொறியால் எண்ணெயை மேலேற்றும் விளக்கை அமைத்தார். அதற்கு முந்திய விளக்குகளில் எண்ணெய்க்கலம் பக்கத்திலிருந்து நிழல் வீழ்த்தியது. இதிலே பொறியும் எண்ணெயும் அடியிலே அடங்கின. அந்த அடிப்பாகத்தை மறைக்கச் சாடியின் வடிவமே ஏற்றதாயிற்று. மண்ணெண்ணெயும் பின்னர் மின்சாரமும் வந்து அப்பொறிகளுக்கு வேலையில்லாது போன பின்பும், கண்கள் அவ்வுருவத்தையே விரும்பின. ஆகவே நல்ல சாடிகளையும் துளையிட்டனர். நமக்கு இது கொடுமையாகவே பட்டது.

"வெண்கலத்தைப் பாருங்கள், அது பீங்கானிலும் மேலானது" என்றார் மூதாட்டி. பொன்னைப் பாதரசத்திற் கரைத்து வெண்கலத்தின்மேற் பூசி நெருப்பிற் காட்டுவர். பாதரசம் ஆவியாகப் போக, பொன் ஒட்டிக்கொள்ளும். அவ்வாவி போகும் வழி தொழிலாளியின் மூச்சுமாகும். கை நடுங்கிப் பல் உதிர்ந்து மாண்டோர் பலர். 1814இல் இறந்த இராவ்ரியோ என்னும் வெண்கல வணிகர், அவர்களைக் காக்கும் வழி காண்பவருக்கு 3000 பிராங்கு பரிசளிக்குமாறு மரணசாசனம் எழுதினார். புகையை மேலிழுக்கும் அடுப்பு வகுத்த தார்சே 1818இல் அதனைப் பெற்றார். 1840களில் மின்முலாம் பரவியது. இந்த விளக்கின் வெண்கலம் அதற்கு முந்தியதென்று மூதாட்டி கூறினார். அதன் பொன்னிறத்தை அதன்பின் நம்மால் முன்போற் பார்க்க முடியவில்லை.

பெறாமகன் நெடுநேரம் நின்றான். பின், "முத்திரை மெய்யாயிருந்தால் என்ன விலை?" என்று கேட்டான். மூதாட்டி கூறிய தொகை அவனது பல மாத ஊதியம். "பொய்யே நல்லது" என்று சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுத்தான்.

பழைய மின்கம்பியை மாற்றிவிடும்படி மூதாட்டி இருமுறை எச்சரித்தார். புகையிரதத்தில் அவன் விளக்கை மடியிற் கிடத்தி இரு கையாலும் அணைத்திருந்தான். குடையும் பையும் நம் பொறுப்பாயின. புதுக் கம்பியும் மின்குமிழும் லாச்சப்பலில் நம்மவர் கடையிலே வாங்கினோம்.