தண்டவாளம் இருந்த இடம்

எங்க மணப்பட்டில் ரயில் கிடையாது. ஏறணும்னா கடலூரோ புதுச்சேரியோ போகணும். அதனாலோ என்னவோ, யாழ்ப்பாணம் போனபோது கோட்டையைவிட ஸ்டேஷனைப் பார்க்கத்தான் ஆசை.

1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 ஜூனோடு அங்கே வருவது நின்றது. குண்டுவீச்சும் ஷெல்லடியும் போக நிலையத்தில் மிஞ்சியது சிதைந்த சுவர்கள். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் எங்கே போச்சு? பங்கருக்குள். புலிகளும் அடுக்கினார்கள், ராணுவமும் அடுக்கியது. ஒரே பாதையின் இரும்பு எதிரெதிராக நின்றிருக்கிறது.

வெறுமையான ரயில்வே நிலத்தில் இடம்பெயர்ந்தவர்கள் குடியேறினார்கள். போர் முடிந்து, இந்தியக் கடனில் இர்கான் பாதை போட வந்ததும் அவர்கள் மறுபடி எழும்ப வேண்டியிருந்தது. 2014 அக்டோபர் 13இல் ரயில் திரும்பியது. செய்தியில் வந்ததெல்லாம் அந்த நாள்தான்.

இப்போது நிலையம் பளிச்சென்று இருக்கிறது. வாசலில் ஆட்டோ ஓட்டும் அண்ணன், "தம்பி, எங்கட குசினி அந்த மேடைக்குக் கீழதான் இருந்தது" என்று கைநீட்டிக் காட்டினார். இந்த ரயிலில் போயிருக்கீங்களா என்று கேட்டேன்.

வவுனியாவுக்கு ஒருக்கா போனாராம், காணி அலுவலாக.