கையடக்கப் பாட்டுப்பெட்டியும் காரின் ஒலிபெருக்கியும்

தமிழாசிரியன் ஒருவனிடம் மலருக்குக் கட்டுரை கேட்போர், பழஞ்செய்யுளொன்றின் நயத்தையோ நாவலர் பெருமானின் வசனநடைச் சிறப்பையோ எதிர்பார்ப்பது இயல்பு. நாமோ, மோட்டார் வண்டியினுள்ளே ஒரு சிறு பெட்டியைப் பேசவைக்கும் வகைகளைப் பற்றி எழுதப் புகுந்துள்ளோம். பொருள் சிறிதே. ஆயினும் எம் கல்லூரியின் பழைய ஆசான் ஒருவரது குரல் அதனோடு பிணைந்து கிடப்பதால், இம்மலரில் அதற்கும் ஓரிடம் உண்டென எண்ணுகின்றோம்.

அவ்வாசானின் பெயரை ஈண்டு எழுதோம். தம் பெயரை அச்சிற் காண அவர் ஒருபோதும் விரும்பியவரல்லர், அறிந்தார் அறிவர். பகலில் எமக்கு நன்னூல் கற்பித்தவர், மாலையிற் கோயில் மண்டபத்தில் அமர்ந்து கந்தபுராணத்துக்குப் பயன் சொல்வார். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிக்க, மற்றொருவர் அதன் பொருளை விரித்துரைக்கும் இம்மரபு எம் மண்ணில் எத்துணை ஆழமாக வேரூன்றியதென்பதற்கு, பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்தார் பண்பாட்டையே 'கந்தபுராண கலாசாரம்' என வழங்கியமை சான்றாகும். 10,345 செய்யுள்களைக் கொண்ட அப்புராணத்திலே, சூரபன்மன் வதைப் படலத்துக்கு ஆசான் சொன்ன பயனை 1984ஆம் ஆண்டில் அன்பர் ஒருவர் ஐந்து கசெற்றுகளிற் பதிந்துவைத்தார். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாளிரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, பிஸ்கற் தகரமொன்றினுள் அரிசிப் பையோடு கிடந்து அவையும் பெயர்ந்தன. ஆசான் 2010இல் இறைவனடி சேர்ந்தார்.

கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் அக்கசெற்றுகளை வாங்கிச் சென்று, இரைச்சலை இயன்றவரை நீக்கி, தாம் பாவித்த ஐபொட் என்னும் கையடக்கப் பெட்டியில் ஏற்றி, 2013இல் ஆசானின் துணைவியாருக்கு அனுப்பிவைத்தார். ஆப்பிள் நிறுவனத்தார் 2001இல் வெளியிட்ட அப்பெட்டி வகையின் உற்பத்தி 2022இல் நிறுத்தப்பெற்றுவிட்டது. அன்று அது பலர் சட்டைப் பையிலும் இருந்த பொருள்.

பெட்டி வந்தது, குரல் வரவில்லை. அம்மையார் எண்பதைக் கடந்தவர், செவிப்புலன் குன்றியவர். காதிற் செருகும் குமிழ்களை வைத்தால், "காதுக்குள்ளை வண்டு பூந்த மாதிரிக் கிடக்கு" என்று உடனே கழற்றிவிடுவார். கடையில் வாங்கிய சிற்றொலிபெருக்கியிலோ, ஆசானின் கனத்த குரல் தகரக் கூரையில் விழுந்த மழைபோற் சிதறிற்று. கண்ணாடிகளை ஏற்றி மூடிய காரைப் போற் கேட்பதற்கு வாய்ப்பான அறை நடுத்தரக் குடும்பத்தார் வீடுகளிற் கிடைப்பதரிது என்று நண்பர் ஒருவர் சொன்னார். கதவுதோறும் ஒலிபெருக்கி, வெளியோசை குறைவு, கேட்பவரும் இருக்கையை விட்டு எழுந்து அடுப்படிக்குப் போக முடியாது. இறுதிக் காரணமே எமக்குப் பெரிதாகப் பட்டது. 2014 சிவராத்திரிக்கு முதல்நாள் அம்மையாரைத் திருக்கேதீச்சரத்துக்கு அழைத்துச் செல்வதென்றும், வழியிற் குரலைக் கேட்பிப்பதென்றும் முடிவாயிற்று. காதுக்குமிழ் செருகும் துளையொன்றையன்றி வேறு வாய் நன்கறியாத அப்பெட்டியைக் காரோடு எவ்வாறு பேசவைப்பது என்பதே எஞ்சிய வினா.

முதலில் வாய்த்தது கசெற் வாயுள்ள பழைய கார். அதற்கென ஒரு பொய்க்கசெற் விற்கின்றார்கள். உருவத்தில் உண்மைக் கசெற். உள்ளே நாடா இல்லை. நாடா உரசிச் செல்ல வேண்டிய இடத்திற் சிறிய காந்தத் தலையொன்று இருந்து, காரின் வாசிப்புத் தலையை நேர் நோக்கி நிற்கும். பெட்டியிலிருந்து கம்பிவழி வரும் மின்னலைகளை அது காந்த அலைகளாக மாற்ற, காரின் இயந்திரம் நாடா ஓடுகிறதென நம்பி வாசிக்கும். பற்சக்கரங்கள் சிலவும் உள்ளே சும்மா சுழன்று அந்நம்பிக்கையைக் காக்கும். உபாயம் மிக நன்று. ஆனால் நண்பரின் காரில் இருந்தது பக்கத்தைத் தானே மாற்றும் இயந்திரம். நாடா முடிந்ததென மயங்கிச் சில நிமிடத்துக்கொருமுறை அது திசைமாற, சூரன் மாமரமாய்க் கடல்நடுவே நின்ற இடத்திற் குரலும் நின்றுவிட்டது. பற்சக்கரங்களின் கரகரப்பு வேறு. அக்காரை விடுத்தோம்.

அடுத்தது யப்பானிலிருந்து வந்த வான் ஒன்று. அதற்கு எப்.எம். பரப்பி வாங்கினோம். சிகரெற் பற்றவைக்கும் துளையிற் செருகினால், பெட்டியின் ஒலியைச் சில அடி தூரம் மட்டும் செல்லும் வானொலியாக அது பரப்பும். காரின் வானொலியை அதே அலைவரிசையில் வைத்துக் கேட்கலாம். இதன் ஆற்றல் மிக அற்பம். 2006 டிசம்பரில் இதற்கு அனுமதி வழங்கிய பிரித்தானியாவில், 50 நனோவோற்று என்பதே விதித்த எல்லை. அத்துணை மெலிந்த ஒலி கேட்கவேண்டுமாயின், வேறெவரும் பேசாத அலைவரிசை வேண்டும். இங்கேதான் யப்பானிய வண்டிகளுக்கே உரிய இடர் குறுக்கிட்டது. நம் நாட்டு எப்.எம். ஒலிபரப்பு 108 மெகாகேட்ஸ் வரை செல்வது. யப்பானிலோ நெடுங்காலம் 76 முதல் 90 வரையே எப்.எம். வானொலிக்கு ஒதுக்கியிருந்தனர், 2014இன் பின்னரே அங்கு 90க்கு மேலும் ஒலிபரப்பலாயினர். எனவே அந்நாட்டுச் சந்தைக்கெனச் செய்த அவ்வானின் வானொலி 90க்கு மேல் ஏறாது. எம் பரப்பியோ 87.5க்குக் கீழ் இறங்காது. இரண்டும் சந்திக்கக்கூடிய நிலம் இரண்டரை மெகாகேட்ஸ் மட்டுமே! அலைவரிசையைக் கீழிறக்கித் தரும் கருவியொன்றை அன்ரெனாவுக்கும் வானொலிக்கும் இடையிற் பொருத்துவோருண்டு. ஆயின் அது நம் நாட்டு நிலையங்களையும் அதே ஒடுங்கிய இடத்துக்குள் இறக்கிவிட, எம் மெலிந்த பரப்பிக்கு எஞ்சுவது இன்னும் குறுகும். வீட்டு வளவிற் சுத்தமாகக் கேட்ட ஆசானின் பயன், பரீட்சித்துப் பார்க்க நாவற்குழிவரை ஓடியபோது, சினிமாப் பாட்டொன்றினாலும் விளம்பரத்தினாலும் இடையிடையே வெட்டுண்டது. ஊருக்கூர் அலைவரிசையைத் தேடிக்கொண்டிருந்தாற் புராணம் கேட்பது எப்போது? அதையும் விடுத்தோம்.

யூ.எஸ்.பி. வழியும் புளூரூத் வழியும் இன்று பெருவழக்கு. முன்னதில் வானொலி அப்பெட்டியின் மொழியை அறிந்திருத்தல் வேண்டும். சிறு நினைவுக்குச்சியில் ஏற்றினால் அத்தொல்லை இல்லை. ஆனால் தமிழிலே தலைப்பிட்ட கோப்புகளைப் பல வானொலிகள் வெறுங்கட்டங்களாகவே காட்டும். தமிழாசிரியர் கண்ணுக்கு அது இனிய காட்சியன்று. புளூரூத்திலோ தொலைபேசிப் பேச்சுக்கொரு முறைமையும் இசைக்கு வேறொரு முறைமையும் உள. முன்னது மட்டும் உள்ள வண்டியிற் பாட்டு வாராது. எம் பெட்டிக்கு அவ்வசதி முற்றாகவே இல்லை.

இறுதியில், வானொலியின் முகத்திலேயே துளையுள்ள கார் ஒன்று மூன்றாவது நண்பரிடம் இருந்தது. இரு முனையும் ஊசியுள்ள எளிய கம்பி. ஒரு முனை பெட்டியில், மறுமுனை காரில். பெட்டியின் ஒலியளவை முக்காற்பங்கில் நிறுத்தி, மிகுதியைக் காரில் ஏற்றுதல் நலம். பெட்டியை முற்றாக உயர்த்தினாற் குரல் உடையும், மிகத் தாழ்த்தினாற் கார் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும்.

பயண நாளன்று அம்மையார் முன்னிருக்கையில். பெட்டியின் மின்கலம் பழுத்தது. ஆதலால் மின்னேற்றியையும் செருகிக்கொண்டு புறப்பட்டோம். கார் விரைய விரையக் கீச்சென்றொரு ஒலி உயர்ந்தது. தணியத் தணியத் தாழ்ந்தது. இது அல்ரநேற்றர் எனும் மின்பிறப்பாக்கியின் குரல். மின்னேற்றிக் கம்பியும் ஒலிக்கம்பியும் இருவேறு வழியாகக் காரின் உடலோடு தரைத்தொடர்பு கொள்ள, இடையில் ஒரு வளையம் அமைந்துவிடுகின்றது. அவ்வளையத்தூடே இரைச்சல் நுழையும். சிறு மின்மாற்றி அடங்கிய தடுப்பானொன்றை ஒலிக்கம்பியின் இடையிற் பொருத்தினால் தீரும். அன்று அது கையில் இல்லை. மின்னேற்றியைப் பிடுங்கினோம். ஒலி தெளிந்தது, மின்கலக் குறி மட்டும் குறையத் தொடங்கிற்று.

சங்குப்பிட்டிப் பாலம் கடந்து பூநகரி வீதியில் ஒரு குலுக்கல். குரல் அடியோடு மறைந்து 'உஸ்' என்ற நாடா இரைச்சல் மாத்திரம் எஞ்சியது. அம்மையார் எம் முகத்தைப் பார்த்தார். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. இடம், வலம் என்னும் இரு ஒலிவழிக்கும் பொதுவான தரைத்தொடர்பு ஊசியில் விலகினால், ஒலிபெருக்கிக்குச் செல்வது இரண்டின் வேறுபாடு மட்டுமே. ஒரே மைக்கிற் பதிந்த குரல் இருவழியிலும் ஒன்றாயிருப்பதால், ஒன்றிலொன்று கழிந்து பூச்சியமாகிவிடும். ஊசியை அழுத்திச் செருகிக் கையாற் பிடித்துக்கொண்டோம். ஆசான் வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடர்ந்தார்.

"இந்த இடத்திலை இருமுவார்" என்றார் அம்மையார். இருமினார்.

திருக்கேதீச்சரத்தை அடைந்தபோது குறி சிவந்திருந்தது. மரநிழலில் நிறுத்தி இயந்திரத்தை அணைத்தோம். சாவியை மட்டும் வானொலி இயங்கும் நிலையில் விட்டோம். அல்ரநேற்றர் சுழலாதபோது கீச்சொலி ஏது? மின்னேற்றியை மீண்டும் செருகினோம், அமைதியாகவே இருந்தது. நண்பர் இறங்கிச் சென்று முன்கதவைத் திறந்து, கைகொடுத்து நின்றார்.

"கொஞ்சம் பொறு தம்பி. பயன் இன்னும் முடியேல்லை."

நண்பர் கதவை மெல்லச் சாத்தினார்.