பந்தயத் திடலில் இறங்கிய விமானங்கள்

ஒரு பந்தயத் திடலுக்குப் பேர்பெற்ற ஆண்டு என்றால், ஏதோ ஒரு குதிரை மற்றதையெல்லாம் பின்னே தள்ளி ஓடிய ஆண்டாகத்தான் இருக்கும். கொழும்பு கறுவாத்தோட்டத்து றேஸ் கோர்ஸின் கதை வேறு. குதிரைகளை வெளியே அனுப்பிவிட்டுப் போர்விமானங்களுக்கு இடம்விட்ட 1942தான் அதன் பெரிய ஆண்டு.

அதற்கு முன் காலி முகத்திடலில்தான் பந்தயம் நடந்துவந்தது. 1893இல் இங்கே மாறியது. வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் உள்ளூர்ச் செல்வந்தரும் மாடத்தில் இருந்து பார்ப்பார்கள். பணம் கட்டித் தோற்பதற்குச் சாதாரண சனமும் வரும். நகரத்தின் நடுவே இத்தனை பெரிய வெளியைக் கேளிக்கைக்கென்று விட்டுவைப்பதா என்று அன்றே யாராவது கேட்டிருந்தால், நானும் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன். குதிரைப் பந்தயத்தில் எனக்கு ஒருநாளும் பிடிப்பு இருந்ததில்லை.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே ரங்கூனும் போயிற்று. அதுவரை போருக்குப் பின்வாசலாக இருந்த இலங்கை, ஒரே மாதத்தில் முன்வாசலாகிவிட்டது. கொழும்பைக் காக்க இரத்மலானை விமானத்தளம் மட்டும் போதாது. புதிதாக ஒன்று அமைக்க அவகாசமும் இல்லை. மேடு பள்ளம் இல்லாமல், மரம் குறுக்கிடாமல், நீர் வடியும்படி புல் வளர்த்து வைத்திருந்த பெருவெளி பந்தயத் திடல். அங்கே ஓடுபாதை அமைத்தார்கள். சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் அடிபட்டுச் சிதறி, இலங்கையில் மீண்டும் திரட்டப்பட்ட 258ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன் விமானங்கள் அதில் வந்து இறங்கின.

ஏப்ரல் 4 மாலை, கொக்கலையிலிருந்து கற்றலீனா விமானத்தில் தெற்கே ரோந்து போன கனடிய விமானி லெனர்ட் பேர்ச்சல், ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையைக் கண்டார். வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. போர் முடியும்வரை அவர் ஜப்பானியரின் கைதி. ஆனால் செய்தி கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. இன்று இலங்கையில் அந்தப் பெயரைச் சொன்னால் 2019 குண்டுவெடிப்புகள்தான் நெஞ்சை அடைக்கும். அதற்கு முந்திய தலைமுறைகளுக்கு அது ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே புச்சிடாவின் தலைமையில் 120க்கு மேற்பட்ட விமானங்கள் காலை ஏழரை மணியளவில் வந்தன. ஆட்கள் உஷாராகத்தான் இருந்தார்கள். ஆனாலும் வந்துவிட்டார்கள் என்ற எச்சரிக்கை மட்டும் இரத்மலானைக்கு எட்டவில்லை. அங்கிருந்த விமானங்கள் எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பின. றேஸ் கோர்ஸில் ஒரு குண்டும் விழவில்லை. அங்கே விமானத்தளம் இருப்பதே ஜப்பானியருக்குத் தெரியாது. அவர்களுக்கு அது பணக்காரர் பொழுதுபோக்கும் புல்தரை; குண்டை வீணாக்க வேண்டிய இடமே இல்லை.

அந்தப் புல்தரையிலிருந்து 14 ஹரிக்கேன்கள் எழும்பின. இதை வெற்றிக்கதையாகச் சொல்ல வழியில்லை. அவற்றில் 9 வீழ்ந்தன. துறைமுகத்தில் ‘டெனெடோஸ்’, ‘ஹெக்டர்’ கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோயாளர் மருத்துவமனைமீதுகூடக் குண்டு விழுந்தது. கொழும்பு மக்கள் மூட்டை முடிச்சோடு ஊர்ப்புறம் நோக்கி ஓடினார்கள். ஆனாலும் திடலில் இருந்த விமானங்கள் தரையிலேயே எரிந்து போகவில்லை. எதிர்த்து நிற்க ஒரு வாய்ப்பாவது அவற்றுக்குக் கிடைத்தது.

நம் வீட்டு முற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் காயப் போடவும் அதுதான், கல்யாணப் பந்தல் போடவும் அதுதான், பாடையை இறக்கி வைக்கவும் அதுதான். மற்ற நாளில் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிறதே என்று அதிலும் ஓர் அறையைக் கட்டியவர் வீட்டில் விசேஷம் வரும்போதுதான் சங்கடம் தெரியும். நகரத்துக்கும் முற்றம் வேண்டும். கொழும்பில் அதைக் கட்டடம் முளைக்காமல் ஐம்பது வருடம் காத்தது யாருடைய தொலைநோக்கும் அல்ல, சூதாட்ட ஆசை. கெட்ட பழக்கமும் சில நேரம் நல்ல காவற்காரனாகிவிடுகிறது.

போர் முடிந்து குதிரைகள் திரும்பின. 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க அரசின் காலத்தில் கொழும்புப் பந்தயம் நின்றது. நுவரெலியாவில் மட்டும் ஏப்ரல் வசந்தகாலப் பந்தயம் இன்றும் உண்டு. கொழும்புத் திடல் நெடுநாள் கேட்பாரற்றுக் கிடந்து, 2012இல் ரக்பி மைதானமாயிற்று. பழைய மாடத்துக்குக் கீழே இப்போது கோப்பிக் கடைகள். சென்னையிலும் கிண்டிப் பந்தயத் திடலைத் தமிழக அரசு 2024இல் கையகப்படுத்தி, மழைவெள்ளம் தேங்கக் குளங்கள் வெட்டியது. அங்கே வெளியைத் தேடி வந்தது போர் அல்ல, தண்ணீர்.

பந்தயம் வேண்டுமா வேண்டாமா என்பதில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் ஒரு திடலை மூடச் சொல்லும்போது, அந்த நிலத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று இப்போதெல்லாம் சேர்த்தே கேட்கிறேன். அடுக்குமாடி கட்டப் போகிறோம் என்று பதில் வந்தால், குதிரைகளே ஓடட்டும் என்பேன்.