இரண்டு வாரப் போர், ஐம்பது வருஷ வாழ்க்கை

பிள்ளைகளே, படையில் இருந்தவர் என்றதும் உங்கள் கண்முன் வந்து நிற்பது துப்பாக்கியும் பதக்கமும்தான். நான் சொல்ல வந்தது வேறு. 1971 டிசம்பர் 3-ஆம் தேதி தொடங்கிய போர், 17-ஆம் தேதி இரவு மேற்கு எல்லையில் ஓய்ந்தது. இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் களத்தில் நின்ற ஒரு சாதாரணச் சிப்பாயும், ஊரில் நின்ற அவர் மனைவியும் அதற்கு முன்னும் பின்னும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சூலூருக்குக் கிழக்கே மானாவாரிக் காடுகள் சூழ்ந்த ஊர் எங்களுடையது. அவர் எனக்குப் பெரியப்பா முறை, ஊருக்கு மிலிட்டரிக்காரர். 1962 சீனப் போருக்குப் பிறகு அரசாங்கம் படையைப் பெருக்கியபோது, மறுவருஷம் போய்ச் சேர்ந்தார். நாட்டுப்பற்று இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நாலு ஏக்கர் காட்டை நம்பி மூன்று அண்ணன் தம்பிகள் இருந்த வீடு அது. ஒருவர் வெளியேறினால்தான் மற்ற இருவர் சாப்பிட முடியும். வயிற்றுக்காகப் போனவன் வீரனாக மாட்டான் என்று நினைக்காதீர்கள். எதற்காகப் போனான் என்பதைவிட, போன இடத்தில் எப்படி நின்றான் என்பதே பெரிது.

அவர் சேர்ந்த மதராஸ் ரெஜிமென்ட் 1758-இல் தோன்றியது. நம் தரைப்படையின் காலாட்படை ரெஜிமென்டுகளில் மிகப் பழையது. அதன் பயிற்சி மையம் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. கோவையில் நின்று வடக்கே பார்த்தால் தெரிகிற அதே நீலமலைதான். ஆனால் சோளக்காட்டு வெயிலில் வளர்ந்த பையனுக்கு அந்த மலைக்குளிரே முதல் போர். அதைத் தாங்கியவர், பிறகு காஷ்மீர்க் குளிரையும் தாங்கினார்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்லேண்ட் லெட்டர் வந்தால், பள்ளிக்கூடம் விட்டு வரும் என்னைத்தான் திண்ணையில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்வார். அனுப்புநர் முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது, ‘56 ஏ.பி.ஓ.’ என்ற படைத் தபால் எண் மட்டும் இருக்கும். எந்த எல்லை, எந்த மலை என்று யாருக்கும் தெரியாது. கடிதத்திலும் போரைப் பற்றி ஒரு சொல் இருக்காது. கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது, செவலை மாடு கன்று போட்டதா, பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றா, இவ்வளவுதான் கேட்டிருப்பார்.

ஒரு வருஷம் கிணறு வறண்டு கிடந்தது. செவலையைத் திருப்பூர்க்காரர் ஒருவருக்கு விற்றாகிவிட்டது. பதில் எழுத நான் பேனாவை எடுத்ததும் பெரியம்மா சொல்வார்: “எல்லாரும் சுகமுங்கன்னு எழுது கண்ணு. தண்ணி கெடக்குதுன்னு எழுது.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொல்வார்: “மாட்டைப் பத்தி ஒண்ணும் எழுதீராதே.”

அவர் அங்கே குண்டுச் சத்தத்தை மறைத்தார். இவர் இங்கே வறண்ட கிணற்றை மறைத்தார். அன்று எனக்கு அது விளங்கவில்லை. தன் பாரத்தைத் தூரத்தில் இருப்பவர் தலையில் ஏற்றக்கூடாது என்று இருவரும் தனித்தனியே எடுத்த முடிவு அது. எங்கோ பள்ளத்தாக்கில் நிற்பவருக்குக் கிணறு வறண்ட செய்தி போய் என்ன ஆகப்போகிறது? தூக்கம்தான் போகும். ஆனால் இன்று உங்கள் கையில் போன் இருக்கிறது; துணைக்கு ஆள் இருக்கிறது. சொல்லக்கூடிய துன்பத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லிப் பயனில்லாததைத் தாங்கிக்கொள்ளப் பெரியம்மாவிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

1971-இல் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றை நம் படை கடந்தது. ஆற்றின் இரு பக்கமும் கண்ணிவெடிகள். ரெஜிமென்டின் 16-வது பட்டாலியன் அங்கே போரிட்டது. அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய் அந்தப் போரில் உயிர் நீத்தார். அவருக்கும், அதே பட்டாலியனின் ஹவில்தார் தாமஸ் பிலிப்போஸுக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது. பெரியப்பாவுக்குக் கிடைத்தது கெண்டைக்காலில் ஒரு வெடிச்சில்லு. ஒரு துண்டு எடுக்கமுடியாமல் உள்ளேயே தங்கிவிட்டது. மழை இருட்டினால் அந்தக் காலை நீட்டி வைத்துத் தேய்ப்பார். வலிக்கிறதா என்று கேட்டால், “அது கெடக்குது போ” என்பார்.

முப்பத்தைந்து வயதுக்குள் அவர் பென்ஷனில் வந்துவிட்டார். சிப்பாயின் வாழ்க்கையில் உள்ள பெரிய சோதனை இதுதான். மற்றவர்கள் உத்தியோகத்தில் காலூன்றுகிற வயதில் இவர்களுக்கு உத்தியோகம் முடிகிறது. பிள்ளைகளோ அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். நாடு காத்தவர் ஒரு நூல் மில்லின் கேட்டைக் காத்தார். இரவு ஷிப்ட், ஸ்டூல், டார்ச் லைட், பிளாஸ்கில் டீ. ஒருநாள் மில் கேட்டில் அவரைப் பார்த்தேன். நேற்றுச் சேர்ந்த சூப்பர்வைசர், வயதில் மகன் மாதிரி, ஏதோ சொல்லி அதட்டிக்கொண்டிருந்தான். இவர் நிமிர்ந்து நின்று கேட்டார், “சரிங்க” என்றார், ரிஜிஸ்டரில் லாரி நம்பரை எழுதினார். எழுத்து கோணவில்லை. தன் மதிப்பைத் தானே அறிந்தவனுக்கு அதை ஊரறியக் காட்டும் அவசரம் இருப்பதில்லை. அந்தச் சம்பளத்திலும் பென்ஷனிலும் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மகளைப் பாலிடெக்னிக்குக்கு அனுப்பியபோது ஊர் பேசியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றில் மட்டும் நாடு அவர்களுக்குத் தாமதமாகவே நியாயம் செய்தது. ஒரே பதவியில் அதே அளவு காலம் பணிபுரிந்தாலும், முன்னால் ஓய்வுபெற்றவருக்குக் குறைவாகவும் பின்னால் ஓய்வுபெற்றவருக்கு அதிகமாகவும் பென்ஷன் வந்த நிலை பல காலம் நீடித்தது. ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ ஆணை 2015 நவம்பரில்தான் வெளியானது. 2014 ஜூலை 1 முதல் கணக்கு. அதைக் காணக் கொடுத்துவைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

பெரியப்பா கண்ணை மூடிய பிறகு பெரியம்மா பட்டது தனிக் கதை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி; பிறந்த தேதியும் பொருந்தவில்லை. குடும்ப ஓய்வூதியம் நின்றது. ஐம்பது வருஷம் உடன் வாழ்ந்தவள், அவருக்குத் தான் மனைவிதான் என்று காகிதத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மகள் நோட்டரி, பிரமாணப் பத்திரம் என்று அலைந்து, பல மாதம் கழித்தே காரியம் கைகூடியது. பெரியம்மா அப்போதும் யாரையும் திட்டவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை; போர்க்களத்தில் பிழைத்து வந்தவரின் குடும்பம் ஓர் எழுத்துப்பிழையால் தவிக்க வேண்டுமா?

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். டிசம்பர் 7 கொடிநாளுக்குச் சட்டையில் கொடி குத்திக்கொள்ளுங்கள், நல்லது. அதோடு, உங்கள் வீட்டிலோ தெருவிலோ முன்னாள் படைவீரர் ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆணையையும் எடுத்து, மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிழை இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரை அழைத்துப்போய்த் திருத்த வழி கேளுங்கள். நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுத்துவிட்டாரா என்றும் விசாரியுங்கள்.