முதல் பன்னிரண்டு பைட்டுகள்

"பேட் ஹெடர் இன் ப்ரீகம்பைல்ட் சங்க்." லூவா மொழியில் எழுதிய ஸ்கிரிப்டை முன்கூட்டியே பைட்கோடாக மாற்றி வேறொரு கருவியில் ஏற்றுபவர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்த பிழைச்செய்தி இது. கோப்பின் தலைப்பகுதி சரியில்லை என்கிறது. அதில் எது சரியில்லை என்று சொல்வதில்லை. வைஃபையில் இயங்கும் சிறு கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே மூத்த பொறியாளர் ஒருவரும் அவரிடம் தொழில் பழகும் இளைஞர் ஒருவரும் இந்த ஒற்றை வரியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேசையில் இருந்தது இஎஸ்பி8266 போர்டு. அதில் நோட்எம்சியூ ஃபர்ம்வேர், அதற்குள் லூவா 5.1. ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கும் மெமரி சில பத்து கிலோபைட்டுகள்தான். பெரிய ஸ்கிரிப்டைப் போர்டிலேயே கம்பைல் செய்தால், அதைப் படித்து அலசுவதற்குள்ளேயே மெமரி தீர்ந்து வேலை பாதியில் நின்றுவிடும். அதனால் கம்பைல் வேலையைக் கணினியில் முடித்து, பைட்கோடை மட்டும் போர்டுக்கு அனுப்புவது இந்தத் தொழிலில் வழக்கம். இளைஞரும் அதைத்தான் செய்திருந்தார்.

"கம்பைல் ஆகும்போது ஒரு எர்ரரும் வரல அக்கா. போர்டுலதான் ஏற மாட்டேங்குது."

"கோடைத் தொடாத தம்பி. மொதல்ல ஃபைலை ஹெக்ஸ்ல தொறந்து காட்டு."

திரையில் எண்கள் வரிசையாக விரிந்தன. லூவா 5.1இன் பைட்கோடு கோப்பில் முதல் 12 பைட்டுகள்தான் தலைப்பகுதி. முதல் பைட், எஸ்கேப் விசைக்குரிய எண் 27. வந்திருப்பது எழுத்தா பைட்கோடா என்பதை லூவா இந்த ஒரு பைட்டை வைத்தே பிரித்தறிகிறது. அடுத்த மூன்றும் மொழியின் பெயர். ஐந்தாவது பதிப்பு எண், ஆறாவது கோப்பு வடிவம், ஏழாவது பைட்டுகளை அடுக்கும் திசை. எட்டாவதிலிருந்து அளவுகள் தொடங்குகின்றன. முழு எண்ணுக்கு எத்தனை பைட், நினைவக அளவைக் குறிக்கும் எண்ணுக்கு எத்தனை, ஓர் ஆணைக்கு எத்தனை, லூவாவின் எண் ஒன்றுக்கு எத்தனை என்று வரிசையாக வரும். கடைசி பைட், அந்த எண் தசமம் ஏற்குமா, ஏற்காதா என்பதைச் சொல்லும்.

பொறியாளர் அடுத்துச் செய்தது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரே ஒரு வரி கொண்ட ஸ்கிரிப்டை எழுதி, அதைப் போர்டிலேயே கம்பைல் செய்யச் சொன்னார். அவ்வளவு சிறிய கோப்புக்கு மெமரி போதும். அதன் முதல் 12 பைட்டுகளையும், கணினியில் உருவான கோப்பின் 12 பைட்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காகிதத்தில் எழுத வைத்தார். மூன்று இடங்கள் பொருந்தவில்லை. ஒன்பதாவது பைட் கணினியில் 8, போர்டில் 4. பதினொன்றாவதிலும் அதேபோல 8க்கு 4. பன்னிரண்டாவது கணினியில் 0, போர்டில் 1.

காகிதமே காரணத்தைச் சொல்லிவிட்டது. கணினி 64 பிட், போர்டு 32 பிட். ஒன்பதாவது பைட் வேறுபட்டது அதனால்தான். மற்ற இரண்டும் போர்டில் இருந்த ஃபர்ம்வேரின் வேலை. அது தசமம் இல்லாமல், முழு எண்களை மட்டும் வைத்துக் கட்டப்பட்டது. நோட்எம்சியூவுக்கென்றே உள்ள குறுக்குக் கம்பைலரில் முழு எண்ணுக்கும் தசமத்துக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. சரியானதை எடுத்துக் கம்பைல் செய்ததும் கோப்பு ஏறிவிட்டது. ஸ்கிரிப்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இப்படி முன்கூட்டியே கம்பைல் செய்யும் வழக்கம் லூவாவில் பழையதுதான். லூவா 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் டெக்கிராஃப் ஆய்வுக்குழுவில் பிறந்தது. உருவாக்கியவர்கள் ரோபர்ட்டோ இயெருசலிம்ஷி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமர் செலஸ் ஆகிய மூவர். மொழிக்கு மூன்று வயது ஆனபோது, 1996இல் வந்த 2.4 பதிப்பில்தான் 'லூவாக்' என்ற தனிக் கம்பைலர் சேர்ந்தது. ஸ்கிரிப்டை அலசுவதே அன்றைய கணினிகளுக்குப் பெரும் சுமை. அதை முன்பே முடித்துவைத்தால் நிரல் சீக்கிரம் ஏறும். இலக்கணப் பிழைகளை ஓட்டாமலேயே கண்டுபிடிக்கலாம். பயனர்கள் விளையாட்டாகக் கோடைத் திருத்துவதையும் தடுக்கலாம்.

கோப்பின் தலைப்பகுதியைச் சரிபார்க்கும் சோதனை 5.1இல் மொட்டையாகத்தான் இருக்கிறது. தன்னுடைய 12 பைட்டுகளைத் தயாரித்து, வந்த 12 பைட்டுகளோடு ஒட்டுமொத்தமாக ஒப்பிடுகிறது. ஒன்று மாறினாலும் அதே ஒற்றை வரிதான். 5.3இல் நிலைமை நன்றாக மாறியது. பதிப்பு பொருந்தவில்லையா, அளவு பொருந்தவில்லையா, பைட் அடுக்கும் திசை மாறியிருக்கிறதா என்று தனித்தனியாகச் சொல்கிறது. கோப்பு அனுப்பும் வழியில் வரிமுடிவுக் குறிகள் உருமாறினால் பிடித்துவிட, 5.2 முதலே சில பைட்டுகளைத் தலைப்பகுதியில் வைத்திருக்கிறார்கள். அவற்றில் முதல் இரண்டு, ஹெக்ஸில் பார்த்தால், 19, 93. மொழி பிறந்த ஆண்டு! 5.3இல் 370.5 என்ற எண்ணும் சேர்ந்தது. அது சரியாகப் படிக்கப்பட்டால் தசம வடிவம் இரு பக்கமும் ஒன்றுதான் என்று அர்த்தம். பிழைச்செய்தி எழுதுவதும் மொழியைக் கட்டும் வேலையில் ஒரு பகுதி என்பதே என் எண்ணம். இந்த மாற்றம் எத்தனையோ பேரின் இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றியிருக்கும்.

கோப்பு ஏறியதோடு அன்றைய சிக்கல் முடியவில்லை. இளைஞர் ஸ்கிரிப்டைத் திருத்தி ஏற்றினார். கருவியோ பழையபடியே நடந்துகொண்டது. போர்டில் கம்பைல் ஆன பழைய கோப்பு அப்படியே கிடந்தது, தொடக்க ஸ்கிரிப்ட் அதைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டியபோது பிழைச்செய்தி ஒன்று வந்தது. கோப்புப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறி. இடம் மிச்சம் பிடிப்பதற்காக, வரி எண்களையும் மாறிகளின் பெயர்களையும் கழித்துவிட்டுக் கம்பைல் செய்திருந்தார்கள். "சோதனை முடியுற வரைக்கும் அதையெல்லாம் கழிக்காத" என்றார் பொறியாளர். பிறகு லூவாக்கின் பட்டியல் வசதியால் பைட்கோடின் ஆணைகளை அச்சிட்டு, அதில் 'செட்குளோபல்' என்ற ஆணை வரும் இடங்களை மட்டும் தேடச் சொன்னார். 'லோக்கல்' என்று போட மறந்த மாறிகள் எல்லாம் அதில் வந்து நிற்கும். ஒரு கவுண்டர் மாறி அங்கே சிக்கியது. இன்னொரு ஃபங்ஷன் அதே பெயரில் எழுதிக்கொண்டிருந்தது.

வெளியிலிருந்து வரும் பைட்கோடை இந்தப் பட்டறையில் ஏற்றுவதே இல்லை. அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. பைட்கோடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை 5.1இல் இருந்தது. அதிலும் ஓட்டைகள் இருந்தன. 5.2இல் அதையே எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றே கெடுத்த பைட்கோடு லூவாவின் இயக்கியையே கவிழ்த்துவிடும். அதனால் வாடிக்கையாளர் எதை அனுப்பினாலும் மூல ஸ்கிரிப்டாக அனுப்பச் சொல்லி, இங்கே தங்கள் கம்பைலரில் போட்டுத்தான் போர்டுக்கு ஏற்றுகிறார்கள்.